சீ டிரைவைத் தின்றது யார்?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லெப்டொப். மனைவி ஆசிரியை, பாடக்குறிப்பு, வினாத்தாள் எல்லாம் அதில்தான். மகனுக்கு கேம். மாமாவுக்கு யூடியூபில் பக்திப் பாட்டு. கொழும்பில் வேலை பார்க்கும் மச்சான் தீபாவளிக்குக் கொட்டகலைக்கு வந்தால், போகும்போது எதையாவது அதில் ஏற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவான். நான் மின்சார பில் பார்ப்பதோடு சரி. அதனால் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் சீ டிரைவின் கோடு சிவப்பாகி, இனி இடமில்லை என்று விண்டோஸ் கையை விரித்தபோது எனக்குப் பெரிய பதற்றம் ஒன்றும் இல்லை. சண்டையை வேடிக்கை பார்க்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மாமா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, குரல் ஓயவில்லை. எல்லாரையும் ஹோலுக்குக் கூப்பிட்டுப் பெரட்டு வைத்தார்.

"யாரு ஏத்துனதுன்னு இப்பவே சொல்லிட்டா மரியாதை."

எல்லாக் கண்ணும் மகன் பக்கம் திரும்பியது. வீட்டில் எது பழுதானாலும் முதலில் அவன்தானே!

விசாரணை ஆரம்பத்திலேயே வேறு பாதையில் போய்விட்டது. வாங்கிய பெட்டியில் 256 ஜீபி என்று போட்டிருக்கிறது, உள்ளே பார்த்தால் 238 தான். "18 ஜீபியக் கடைக்காரன் அமுக்கிட்டான்" என்றார் மாமா. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது, பொருள் ஒன்றுதான், எண்ணுகிற விதம்தான் வேறு என்று நான் தாளில் போட்டே காட்டினேன். அவர் நம்பவில்லை. குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மாமியின் குரல் வந்தது:

"நாங்க கொழுந்து நிறுக்கயில ஈரத்துக்கு, சாக்குக்குன்னு கிலோ கிலோவா கழிச்சீங்களே, அந்த மாதிரித்தான்."

மாமி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மாமா அதற்குப் பிறகு அந்த 18 ஜீபியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சீ டிரைவில் இருந்த போல்டர்களை எல்லாம் ஒன்றாகத் தெரிவு செய்து அளவு பார்த்தோம். கணக்கு உதைத்தது. விண்டோஸ் சில கோப்புகளை மறைத்தே வைத்திருக்கும், அவை இந்தக் கூட்டலில் வராது. அப்புறம் மச்சானுக்கு ஃபோன் போட்டோம். வின்டிர்ஸ்டாட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றான். போட்டோம். அது டிஸ்க்கைத் துழாவும்போது திரையில், பழைய வீடியோ கேமில் வருகிற மாதிரி, குட்டிக் குட்டி மஞ்சள் பெக்மேன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஓடும். "இதுவும் கேமா?" என்று மாமா பேரனை முறைத்தார். பாவம், அவன் லெப்டொப் பக்கமே வரவில்லை.

துழாவி முடிந்ததும் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். கோப்பு எவ்வளவு பெரிதோ கட்டமும் அவ்வளவு பெரிது. வீடியோவுக்கு ஒரு நிறம், படத்துக்கு ஒரு நிறம். இந்தப் படமுறை பிறந்ததே நம் வீட்டுச் சண்டை மாதிரியான ஒன்றில்தான். 1990 இல் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் 14 பேர் ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பாவித்திருக்கிறார்கள். அது நிரம்பிப் போக, இடத்தைப் பிடித்திருப்பது எது என்று பார்க்க பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியர் யோசித்ததுதான் இது. அந்த டிஸ்க்கின் அளவு 80 மெகாபைட்! இன்று ஒரு பூப்புனித நீராட்டு விழா வீடியோவைக்கூட அதில் வைக்க முடியாது.

இனிதான் ஒவ்வொருவராக மாட்டினார்கள்.

மறைந்திருந்த ஒரு கட்டம் 3 ஜீபிக்குக் கொஞ்சம் மேல். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பதை அப்படியே வைத்து லெப்டொப்பை அணைக்கும்போது, ரெம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் தானே ஒதுக்கிக்கொள்ளும் இடம் அது. ரெமின் அளவில் கிட்டத்தட்ட 40 வீதம். ஆள் யாரும் இல்லாத குற்றம் என்பதால் மாமாவுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. மகனின் கேம் வெறும் 6 ஜீபி. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடுத்து டொகியுமென்ட்ஸில் ஸூம் என்றொரு போல்டர், 30 ஜீபி. 2020 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் கிடைக்காத பிள்ளைகளுக்காக மனைவி பதிவு செய்த பாடங்கள். காலையில் இருந்து "எல்லாம் இவன் கேம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தேயிலை போடுவதாக உள்ளே போய்விட்டார்.

'ஒபிஸ் வேர்க்' என்ற போல்டரில் 40 ஜீபிக்குச் சினிமாப் படங்கள். ஸ்பீக்கரில் இருந்த மச்சான், "மச்சான், சிக்னல் சரியில்ல, பொறகு எடுக்கிறேன்" என்று வெட்டிவிட்டான். மலையில் இருக்கிற எங்களுக்கு சிக்னல் நாலு கோடு. கொழும்பில் இல்லையாம்.

ஆனால் திரையில் பாதிக்குப் பக்கமாக, ஒரே நிறத்தில், அச்சுப் பிசகாமல் நான்கு பெரிய கட்டங்கள் இருந்தன. கிளிக் பண்ணினேன். 'கோயில்', 'கோயில் ஒரிஜினல்', 'கோயில் புதியது', 'கோயில் அழிக்க வேண்டாம்'. நான்கிலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வீடியோ. ஒவ்வொன்றும் 28 ஜீபி.

ஹோலில் சத்தமே இல்லை. மாமாதான் பேசினார். "ஒண்ணு அழிஞ்சாலும் இன்னொண்ணு இருக்கணும்ல? அதான் டெஸ்க்டொப்ல ஒண்ணு, டொகியுமென்ட்ஸ்ல ஒண்ணுன்னு வேற வேற எடத்துல வச்சேன்."

டெஸ்க்டொப்பும் டொகியுமென்ட்ஸும் சீ டிரைவுக்குள்தான் இருக்கின்றன, டிஸ்க் செத்தால் நான்கும் சேர்ந்தே சாகும், ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதுதான் பாதுகாப்பு என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் நான்கும் ஒன்றுதானா என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டுமாம். இரண்டாவது கொப்பியில் பறவைக்காவடி வரும்போது மகன் தூங்கிவிட்டான். நான்காவதில் எனக்கே மேளக்காரரின் மோதிரம் வரை மனப்பாடம்.

கடைசியில் டிலீட் அமர்த்தினோம். போல்டர் ரீசைக்கிள் பின்னுக்குள் அடங்காத அளவு பெரிது, நிரந்தரமாக அழிக்கவா என்று விண்டோஸ் கேட்டது. 'நிரந்தரமாக' என்றதும் மாமாவின் கை மவுஸை விட்டு விலகியது. மாமி, மாக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, பட்டென்று 'ஆம்' கொடுத்தார். மற்ற இரண்டுக்கும் அவரே.

84 ஜீபி காலியானது. சிவப்புக் கோடு நீலமானதைப் பார்த்து மகன் மெதுவாகக் கேட்டான், "தாத்தா, இப்ப அந்தப் புது கேமைப் போடவா?"

"அந்த எடத்துல கை வைக்காத," என்றார் மாமா. "அடுத்த வருசத் திருவிழாவுக்கு ட்ரோன் வச்சி எடுக்கச் சொல்லியிருக்கேன்."