காதா, கண்ணா: ஒரு ரிதம் கேம் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

பாட்டின் தாளத்துக்குப் பட்டன் அடிக்கும் ரிதம் கேம்களை விளையாட, பழைய பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோலைப் புது டிவியில் மாட்டியாயிற்று. படம் வருகிறது, சத்தம் வருகிறது, ஆனால் எதை அடித்தாலும் மிஸ். கைதான் துருப்பிடித்துவிட்டதோ என்று பார்த்தால் அப்படி இல்லை. எல்லா நோட்டும் (எப்போது அடிக்க வேண்டும் என்று காட்டத் திரையில் ஒரு கோட்டை நோக்கி வரும் குறி) ஒரே அளவு பிந்தி விழுகிறது. கை தடுமாறினால் சில முந்தும், சில பிந்தும். இப்படி ஒழுங்காகப் பிந்துகிறது என்றால் குற்றவாளி டிவிதான்.

இந்தக் காலத்து டிவி வாங்கிய படத்தை அப்படியே காட்டாது. பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிறத்தைத் திருத்தி, அப்புறம்தான் திரைக்கு அனுப்பும். அதற்குள் சில பத்து மில்லிசெகண்ட் போய்விடும். சினிமா பார்ப்பவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. நமக்கு அப்படியா? விநாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) என்றால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். பீட்மேனியா டூ-டிஎக்ஸ் என்ற ரிதம் கேமில் உச்ச மதிப்பெண் வாங்க, நோட்டுக்கு முன்னே ஒரு ஃப்ரேம், பின்னே ஒரு ஃப்ரேம், அவ்வளவுதான் இடம். பழைய பிக்சர் டியூப் டிவியில் இந்தத் தொல்லையே தெரியாது.

டிவி மெனுவைத் தோண்டி, இந்தத் திருத்தங்களைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டதும் பாதி சரியானது. அப்புறம் சத்தத்தை மட்டும் கன்சோலிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கு இழுத்தேன். இப்போது வேடிக்கை என்னவென்றால், சத்தம் நேரத்துக்கு வருகிறது, படம் மட்டும் கொஞ்சம் பிந்தி வருகிறது. திரையைப் பார்த்து அடித்தால் மிஸ். பாட்டைக் கேட்டு அடித்தால், நோட்டு கோட்டைத் தொடும் முன்பே விரல் அழுத்திவிடுகிறது, ஆனாலும் 'பெர்ஃபெக்ட்' என்கிறது.

இத்தனை வருஷமாக நான் விளையாடியது காதாலா கண்ணாலா என்று அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அதை எழுதிப் பார்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

ஜனவரி 5, ஞாயிறு

என் ஆரம்பம் 'பராப்பா த ராப்பர்'. ஜப்பானில் 1996 டிசம்பரில் வந்தது. காகிதத்தில் வெட்டி நிறுத்திய மாதிரி தட்டையான உருவங்கள், தொப்பி போட்ட ஒரு நாய்க்குட்டி, வெங்காயத் தலையோடு ஒரு கராத்தே வாத்தியார். வாத்தியார் ஒரு வரி ராப் பாடுவார். அதே வரியை நாம் பட்டன்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை உருவாக்கிய மசாயா மட்சுரா கேம் உலகத்துக்கு வருவதற்கு முன்பே இசைக்கலைஞர். அது ஆட்டத்தில் தெரியும்.

எதில் தெரியும் என்றால், மதிப்பெண்ணில். திரையில் காட்டியபடி அச்சுப் பிசகாமல் அடித்தால் 'குட்' என்ற நிலையிலேயே நிற்பீர்கள். 'கூல்' ஆக வேண்டுமானால் இடையிடையே உங்கள் சொந்தச் சரக்கையும் சேர்க்க வேண்டும். தாளத்தில் நின்றபடி வரியைக் கலைத்துப் பாட வேண்டும். சரியாகச் செய்தால் வாத்தியார் இடத்தைக் காலி செய்து நம்மிடமே மேடையை விட்டுவிடுவார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் பிற்பாடு எந்த நூறு சதவீத ஸ்கோரிலும் கிடைக்கவில்லை. டைமிங் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பின்னால் வந்த கேம்கள் பெரும்பாலும் 'சொன்னதை மட்டும் செய்' என்ற பக்கமே போய்விட்டன. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மட்சுராவின் குழு 1999-இல் 'விப்-ரிப்பன்' கொண்டுவந்தது. கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு, கோட்டின் மேல் நடக்கும் கோட்டு முயல். கேம் முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடுவதால் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு நம்மிடம் உள்ள இசை சிடியைப் போடலாம். அந்தப் பாட்டிலிருந்தே பள்ளமும் மேடும் முளைக்கும். தடுக்கி விழுந்துகொண்டே இருந்தால் முயல் தவளையாகும், அப்புறம் புழுவாகும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் சேகரிப்புக்காக முதன்முதலில் எடுத்த 14 கேம்களில் இதுவும் ஒன்று. உண்மையைச் சொன்னால் பாட்டின் தாளமும் கோட்டின் பள்ளமும் எப்போதும் ஒத்துப்போகாது. ஆனால் வீட்டிலிருந்த சிடி ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்காமல் விட்டேனா என்ன!

ஜனவரி 11, சனி

அக்கா மகள் வந்திருந்தாள். போனில் நோட்டு விழும் கேம் ஒன்றை விளையாடுகிறாள். விரல்கள் பறக்கின்றன. காதில் புளூடூத் இயர்போன் இருக்கிறது, ஆனால் உள்ளே சத்தமே இல்லை.

"ஏண்டி, பாட்டை நிறுத்திட்டு விளையாடுற?"

"பாட்டு வச்சா தப்பாப் போகுது சித்தி. இல்லாமதான் கரெக்டா வருது."

ரிதம் கேமைப் பாட்டில்லாமல் விளையாடும் தலைமுறை! திட்ட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாதாரண புளூடூத்தில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதம் சகஜம். பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட், அதாவது தாள அடி) 120 உள்ள பாட்டில் ஒரு பீட் அரை விநாடி, கால் பீட் 125 மில்லிசெகண்ட். அதாவது அவள் காதில் விழும் பாட்டு கிட்டத்தட்ட கால் பீட்டோ அதற்கு மேலோ பின்னால் வருகிறது. காதைப் பொத்திக்கொண்டது புத்திசாலித்தனம்தான்.

ஒயர் வைத்த இயர்போனைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பழங்காலத்துப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மணிக்கட்டு வலி. இன்று ஓய்வு.

ஜனவரி 19, ஞாயிறு

காலால் மிதித்து ஆடும் கேம் பாயை விரித்து ஆடினேன். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் 1998-இல் வந்தது: நாலு அம்பு, இரண்டு கால். திரையில் வரும் அம்பைப் பாயில் மிதிக்க வேண்டும். பார்ப்பவருக்குக் குதிப்பதாகத் தெரியும். ஆடத் தெரிந்தவர் குதிக்கவே மாட்டார்.

புதிதாக ஆடுபவர் ஒவ்வொரு அம்பையும் மிதித்துவிட்டு நடுக்கட்டத்துக்குத் திரும்பி வருவார். ஒரு அடிக்கு இரண்டு வேலை. பாட்டு வேகமெடுத்ததும் மூச்சு வாங்கிவிடும். மிதித்த கால் மிதித்த இடத்திலேயே நிற்க வேண்டும். எடையை மட்டும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்ற வேண்டும். இடது, மேல், வலது என்று தொடராக வந்தால் இடுப்பு தானாகத் திரும்பும். வலது அம்பை இடது கால் எடுத்துக்கொள்ளும். அந்தத் திருப்பம் பாட்டின் ஓட்டத்தோடு பொருந்திவிட்டால் அப்புறம் அதை நடனம் என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னொன்று, வேகம். அம்புகள் மெதுவாக வந்தால் எளிது என்று எல்லோரும் நினைப்பார்கள். நேர்மாறு. மெதுவாக வரும்போது அம்புகள் நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், எது எந்த பீட் என்று பிரித்துப் படிக்க முடியாது. வேகத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றினால் இடைவெளி விரிந்து தாளமே கண்ணுக்குத் தெரியும். பாட்டின் வேகம் மாறுவதில்லை, அம்பு ஓடும் வேகம் மட்டும்தான். யாருக்கு இதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். ஒரு முறை போட்டுப் பார்த்தபின் பழையபடி யாரும் திரும்பியதில்லை.

இது கண்ணுக்கான தந்திரம் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். கண் கட்சிக்கு ஒரு புள்ளி.

ஜனவரி 26, ஞாயிறு

பரணிலிருந்து 'கிட்டார் ஹீரோ' கேமின் பிளாஸ்டிக் கிட்டார் இறங்கியது. கழுத்தில் அஞ்சு பட்டன்: பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. கம்பிக்குப் பதிலாக இருக்கும் ஸ்ட்ரம் பாரைத் தட்டினால் அந்த 'டிக்' சத்தம் அப்படியே இருக்கிறது. பேட்டரிப் பெட்டியில் மட்டும் பச்சைப் பூஞ்சை மாதிரி ஏதோ. வினிகர் தொட்ட பஞ்சால் தேய்த்ததும் உயிர் வந்தது.

கிட்டார் ஹீரோ 2005-இல் வந்தது. செய்தவர்கள் ஹார்மோனிக்ஸ், அதற்கு முன் 'ஃப்ரீக்வென்சி', 'ஆம்ப்ளிட்யூட்' என்ற இரண்டு அருமையான கேம்களைத் தந்தவர்கள். அவற்றை விளையாடியவர்கள் குறைவு. கையில் ஒரு பொம்மைக் கிட்டாரைக் கொடுத்ததும் கதை மாறியது. எல்லாருக்கும் சிக்கல் ஆரஞ்சில்தான். நாலு விரல், அஞ்சு பட்டன். சுண்டுவிரலை நீட்டுவதா, கையையே ஒரு கட்டம் நகர்த்துவதா என்று ஒவ்வொருவரும் ஒரு முடிவுக்கு வருவார்கள். நான் நகர்த்தும் கட்சி.

'இதற்குப் பதில் நிஜ கிட்டாரே கற்றுக்கொள்ளலாமே' என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் 2007-இல் வந்த ராக் பேண்ட் என்ற கேமின் டிரம்ஸ் விஷயம் வேறு. அதில் கைக்குக் குச்சி, காலுக்கு பெடல். இரண்டையும் தனித்தனியாக இயக்கப் பழகியவர் நிஜ டிரம்ஸில் உட்கார்ந்தால் முழுப் புதியவராக இருக்கமாட்டார்.

அப்புறம் பேராசை. 2009 ஒரே வருஷத்தில் கிட்டார் ஹீரோ பெயரில் மட்டும் 5-ஆம் பாகம், மெட்டாலிகா, ஸ்மாஷ் ஹிட்ஸ், வான் ஹேலன். கூடவே பேண்ட் ஹீரோ, டிஜே ஹீரோ. எதிர் முகாமில் பீட்டில்ஸ் ராக் பேண்ட். யார் வீட்டில் இத்தனை பிளாஸ்டிக்குக்கு இடம் இருக்கும்? 2011 பிப்ரவரியில், கிட்டார் ஹீரோவை வெளியிட்டுவந்த ஆக்டிவிஷன் அந்தக் கடையை மூடியது. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்று எழுதினார்கள். எனக்கு அலுக்கவில்லை. திகட்டும்வரை ஊட்டிவிட்டுப் பசியில்லை என்று சொன்ன கதைதான் அது.

2015-இல் கிட்டார் ஹீரோ லைவ் என்று திரும்பி வந்தார்கள். பெரும்பாலான பாடல்கள் இணையம் வழி மட்டுமே. 2018 டிசம்பரில் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க்கில் இருந்த 42 பாடல்கள்தான் மிச்சம். இப்படி ஆகும்போதுதான் ரசிகர்களே எழுதும் கேம்களின் அருமை புரிகிறது. க்ளோன் ஹீரோ இலவசம், பழைய கிட்டாரை ஏற்றுக்கொள்ளும், யாரும் சர்வரை அணைத்துவிட்டுப் போக முடியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அக்கா மகள் போனில் கூப்பிட்டாள். அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு எந்த கேமிலும் இல்லையாம். "நீங்க போட்டுத் தருவீங்களா சித்தி?"

ஸ்டெப்மேனியாவைத் திறந்து ரொம்ப நாளாயிற்று. 2001-இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள். நாமே பாட்டை ஏற்றி நாமே அம்பு வைக்கலாம். முதலில் இரண்டு எண் வேண்டும்: பிபிஎம், ஆஃப்செட். அதாவது பாட்டின் வேகம், முதல் பீட் கோப்பில் எந்த நொடியில் விழுகிறது என்பது. ஒவ்வொரு அம்புக்கும் கைத்தட்டல் ஒலிக்கும் வசதியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். டிரம்ஸ் அடியும் கைத்தட்டலும் இரண்டாகப் பிரிந்து 'ட-டக்' என்று கேட்டது. ஆஃப்செட்டை 0.020 விநாடி நகர்த்தினேன், பிளவு ஒடுங்கியது. இன்னும் 0.008. இரண்டும் ஒன்றாகி ஒரே 'டக்'. அந்த நொடியில் கைத்தட்டல் காணாமல் போய் டிரம்ஸ்தான் கொஞ்சம் தடித்த மாதிரி இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

ஆனால் சரணம் வந்ததும் மறுபடி பிளவு. நேரம் காட்டும் கிளிக் இல்லாமல் மனிதர்கள் சேர்ந்து வாசித்த பாட்டு, உற்சாகத்தில் ஓட்டம் பிடிக்கிறது. 118-இல் தொடங்கி 121-க்குப் போய்விடுகிறார்கள். வரிக்கு வரி பிபிஎம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாகவும் இருந்தது, அந்த டிரம்ஸ்காரர்மேல் ஒரு பிரியமும் வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா மகள் நேரில் வந்தாள். பாட்டு இன்னும் தயாராகவில்லை என்பதால் 'ரிதம் ஹெவன்' கொடுத்தேன். நிண்டெண்டோ 2006-இல் கேம்பாய் அட்வான்ஸுக்குச் செய்த 'ரிதம் தெங்கோகு'வின் வாரிசு, 2008-இல் அவர்களுடைய டிஎஸ் கருவிக்கு வந்தது. பாடகர் சுன்கு இரண்டிலும் பங்காளி. கையடக்கக் கருவி என்பதால் டிவியும் இல்லை, புளூடூத்தும் இல்லை. இதில் விழும் நோட்டோ ஓடும் கோடோ கிடையாது. சின்னச் சின்னக் காட்சிகள், அவற்றில் குறிப்பு கொடுப்பது ஒலி. சில இடங்களில் வேண்டுமென்றே படத்தை மறைத்து வம்பு செய்வார்கள்.

முதலில் திரையையே முறைத்துப் பார்த்து ஆடினாள். திரும்பத் திரும்பத் தோற்றாள். "இது ஏமாத்துது சித்தி" என்றாள். கண்ணை மூடி ஆடச் சொன்னேன். சிரித்தாள், பிறகு மூடினாள். தலை லேசாக ஆடத் தொடங்கியது. தேறிவிட்டாள்.

கண் கட்சியின் புள்ளியைத் திரும்பப் பெறவில்லை. அம்பைப் படிக்கக் கண் வேண்டும்தான். எப்போது அழுத்துவது என்பதைக் காதிடம் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா மகள் கேட்ட பாட்டுக்கு அம்பு வைக்கிறேன். பல்லவியில் குரலைப் பின்பற்றுவதா டிரம்ஸைப் பின்பற்றுவதா என்பதில் நேற்று இரவு போய்விட்டது. என் கணக்கு இது: சத்தமில்லாமல் ஆடினாலும் அம்புகளை வைத்தே எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடிந்தால் அது நல்ல சார்ட் (அம்பு வரிசை). அந்தக் கணக்கில் குரல் ஜெயித்தது. சரணத்தில் டிரம்ஸுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அவள் கேட்டது கடினத்தில் மூன்றாம் நிலை. போட்டு முடித்துப் பார்த்தால் ஆறாவது வந்து நிற்கிறது. கால் பீட் வரிசையைத் தூக்கினால் நாலுக்கு இறங்கும், ஆனால் அந்த இடத்தில்தான் டிரம்ஸ்காரர் ஓட்டம் எடுக்கிறார். அதை மட்டும் எடுக்கமாட்டேன். வேண்டுமானால் அவள் ஆறு கற்றுக்கொள்ளட்டும்.