எங்கள் சந்தில் குப்பைப் புகை நின்ற கதை

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் வீடு ஒரு முட்டுச் சந்துக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வடக்கே அரை கிரவுண்ட் காலி மனை. மனைக்காரர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பல வருஷமாக எங்கள் சந்துக்கு அதுதான் குப்பைத் தொட்டி. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அதில் நெருப்பு வைத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்கு முன்னாலேயே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துணி சொருகிவிட்டுத்தான் நான் அடுப்பு பற்றவைப்பேன்.

அப்பாவுக்கு 71 வயது. மில்லில் வேலை பார்த்தவர், நுரையீரல் பலவீனம். மாதம் ஒரு முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வருவோம். வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. புகை அதிகமான நாளில் இரவு இரண்டு தடவை வைக்க வேண்டியிருக்கும். மூச்சு வாங்கும்போது அவர் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவார். பேச மாட்டார். தோள் மட்டும் ஏறி இறங்கும். 2024 பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும், இதை நிறுத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று காலை அந்த மனைக்குள் இறங்கிப் பார்த்தேன். சாம்பலை ஒரு குச்சியால் கிளறினேன். பால் பாக்கெட்டின் மூலைகள், உப்பி வெடித்த டார்ச் பேட்டரி, பாதி கருகிய டயாபர், தெர்மாகோல் உருகிச் சொட்டிக் கல்லாகிப்போன கட்டி, ஒயர் துண்டு, செருப்பு. தேங்காய் மட்டையும் காய்ந்த இலையும் கீழே புகைந்துகொண்டே இருக்க, மேலே இருந்த பிளாஸ்டிக் எரியாமல் வெந்துகொண்டிருந்தது. இதுதான் மோசம். கொழுந்துவிட்டு எரிவதைவிட இப்படிக் குறைந்த சூட்டில் புகையும்போதுதான் நச்சு அதிகம். ஒயர் உறையில் இருக்கிற பி.வி.சி.யில் குளோரின் உண்டு. அது இப்படி வேகும்போது டையாக்ஸின் என்ற நச்சு உண்டாகிறது. என் பையனுடைய வெள்ளைச் சட்டையில் வந்து ஒட்டுகிற கரித்துகளும் இங்கிருந்து வருவதுதான். அதைத் துடைத்தால் மை மாதிரி இழுபடும். உதறத்தான் வேண்டும். சட்டையை உதறிவிடலாம், நெஞ்சுக்குள் போனதை என்ன செய்வது?

யாரிடம் சொன்னாலும் முதலில் வந்த பதில், "கொடுங்கையூர் மேடே எரியுது, இத்த போய் பெருசா பேசுற." உண்மைதான். வடசென்னைக்காரர்களுக்குப் புகை புதிதில்லை. ஒரு பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு, வடக்கே மணலி ஆலைகள், அதையும் தாண்டினால் அனல்மின் நிலையங்கள். ஆனால் அதனால்தானே நம் சந்திலாவது புகை வேண்டாம் என்கிறோம்? 2018 போகியன்று சென்னையில் மூட்டம் கட்டி விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பிப் போயின. அன்றைக்கு ஊரே பேசியது. என் அப்பாவுக்கு வருஷம் முழுக்கப் போகி. அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

பிப்ரவரியில் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் செய்தேன். பெயர், தெரு, வார்டு, என்ன புகார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. நான்கு நாளில் முடித்துவிட்டதாக இன்னொரு செய்தி. அன்று சாயங்காலமும் புகை. மறுபடி போட்டேன், மறுபடி முடிந்தது. மூன்றாவது தடவையும் அதேதான். அழாத குறை. யாருமே வந்து பார்க்காமல் முடிக்கிறார்கள் என்று நினைத்து, கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் நினைத்தது தப்பு. அதைச் சொன்னவர், காலையில் குப்பை வாங்கப் பேட்டரி வண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா. "சாரு வந்து பாத்துட்டுத்தாம்மா போனாரு. பதினோரு மணிக்கு வந்தாரு. அங்க என்னா இருக்குது? சாம்பல் இருக்குது. குப்பையும் இல்ல, நெருப்பும் இல்ல. அவரு இன்னான்னு எழுதுவாரு?"

அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் கொட்டுவதை நாங்களே தினமும் எரித்து அழித்துக்கொண்டிருந்தோம். அந்த மனையில் எவ்வளவு குப்பை விழுகிறது என்று யாருக்கும், எங்களுக்கும்கூட, தெரியாமல் போனதற்கு அந்த நெருப்புதான் காரணம்.

நெருப்பு வைப்பவர் எதிர்வீட்டு மாமா. அறுபத்தைந்து வயதிருக்கும், தனியாள். என்னைச் சின்ன வயதிலிருந்து பாப்பா என்றுதான் கூப்பிடுவார். முன்பு ஒரு முறை அவரிடம் சத்தம் போட்டிருக்கிறேன், அதிலிருந்து பேச்சு சரியாக இல்லை. இந்த முறை சாயங்காலம் ஐந்தரைக்கே போய் அவர் திண்ணையில் உட்கார்ந்தேன். திட்டவில்லை, ஏன் எரிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஏன்னா கேக்குற? நான் கொளுத்தலன்னா இந்த எடம் இன்னாத்துக்கு ஆவும்? பெருச்சாளி, நாய், கொசு. ஊரே கொட்டுது, நான் ஒருத்தன்தான் கிளீன் பண்றேன். அதுக்கு எங்கிட்ட சண்டைக்கு வர்ற."

அவர் மனதில் அது சேவை. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவர் வீட்டுக் குப்பை ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிதான். மற்றதெல்லாம் யாரோ போட்டது. அப்பாவுடைய மூச்சைப் பற்றிச் சொன்னேன். "அண்ணன் இருமுறது எனக்கும் கேக்குது" என்றார், அதற்குமேல் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே ஒரு பந்தயம் கட்டினார். "பத்து நாள் கை வெக்கல. பதினோராவது நாள் நீயே வந்து தீப்பெட்டி குடுப்ப, பாரு."

ஜூன் மாதம் அந்தப் பத்து நாள் தொடங்கியது. இதை எழுதும்போதும் அந்த நாற்றம் மூக்கில் இருக்கிறது. மூன்றாம் நாள் முழங்கால் உயரம். ஐந்தாம் நாள் ராத்திரி மழை பெய்து, கறுப்புத் தண்ணீர் சந்துக்குள் வழிந்தது. ஏழாம் நாள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் என் மேல் கோபம். "அவரு பாட்டுக்கு எரிச்சிக்கினு இருந்தாரு, நீதான் கெடுத்த" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நான் தினமும் காலை ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் ஒரே இடத்தில் நின்று, மின்கம்பம் தெரியும்படி போட்டோ எடுத்தேன். ஒரே கோணம் என்பது முக்கியம். அப்போதுதான் குவியல் வளர்வது பார்க்கிறவருக்குப் புரியும்.

மாமா திண்ணையை விட்டு நகரவில்லை. அவருக்கே அதிர்ச்சி. சந்தில் இருக்கிறது ஒன்பது வீடு, ஒன்பது வீட்டுக் குப்பையா இது? மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துத் தெருக்களிலிருந்து பைக்கில் வருகிறார்கள், வண்டியை நிறுத்தக்கூட இல்லாமல் கவரை வீசிவிட்டுப் போகிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு டிபன் கடை ஆள் சாக்கில் எச்சில் இலை கொண்டுவந்து கொட்டுகிறார். என் பையனுடைய பழைய நோட்டில் மாமா நேரம் போட்டு எழுத ஆரம்பித்தார். பெயர் தெரியாதவர்களுக்கு "சிகப்பு வண்டி", "தொப்பிக்காரன்" என்று அடையாளம். எட்டாம் நாள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "இத்தையும் எடுத்துக்கினு போ" என்றார்.

அன்றே மனு எழுதி வார்டு அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை புகையைப் பற்றிக் கடைசியில்தான் எழுதினேன். முதல் வரியிலேயே "தனியார் காலி மனையில் பொதுமக்கள் குப்பை கொட்டுகிறார்கள், இடுப்பளவு தேங்கியிருக்கிறது" என்றேன். எட்டு நாள் போட்டோவையும் தேதி போட்டுப் பிரிண்ட் எடுத்து இணைத்தேன். அப்போது நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, விதி 4(2) என்று குறிப்பிட்டேன். தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ குப்பையைப் போடவும் எரிக்கவும் புதைக்கவும் கூடாது என்று அதில் நேரடியாகவே இருந்தது. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீல் இல்லாமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னதற்குக் கணக்கே கிடையாது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. பிப்ரவரியில் இதைத்தான் மாமா மேல் போட நினைத்திருந்தேன். மனுவில் அவர் பெயரை எழுதவில்லை. 5,000 ரூபாய்க்கு அவர் எங்கே போவார்? அவர் எரிப்பதை நிறுத்தினாலும் கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், வேறு யாராவது தீ வைப்பார்கள்.

அதிகாரி மறுநாளே வந்தார். குவியலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோவா?" என்றார். அதற்கடுத்த நாள் லாரி வந்து இரண்டு நடை அடித்தது. அள்ளும்போது அந்த அக்காவும் இன்னும் மூன்று பேரும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கூரியர் அட்டைப் பெட்டியில் ஒட்டிய முகவரி, மருந்துக்கடை பில், ஸ்கூல் டைரி அட்டை எல்லாம் கிடைத்தன. நான்கு வீட்டுக்கும் அந்த டிபன் கடைக்கும் அபராத ரசீது போனது. ஒன்று எங்கள் சந்திலேயே இருக்கிற வீடு. அவர்கள் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

அள்ளியதோடு விட்டிருந்தால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகியிருக்கும். மனைக்காரரைப் பிடிக்க வேண்டியிருந்தது. எப்படி என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது அப்பாதான், "நம்ம பத்திரத்த எடு" என்றார். வீட்டுப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் என்ற பகுதியில் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். எங்கள் பத்திரத்தில் "வடக்கே இன்னாருடைய மனை" என்று ஒரு பெயர் இருந்தது. கூடவே சர்வே எண். அந்த எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், பார்ப்பதற்குக் காசு கிடையாது. மனை இரண்டு முறை கைமாறியிருந்தது. கடைசியாக வாங்கியவரின் பெயர் கிடைத்தது, அந்தப் பெயரை வைத்து அக்கம்பக்கத்துப் பழைய ஆட்களிடம் விசாரித்ததில் ஆள் செங்குன்றத்தில் இருப்பது தெரிந்தது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். மிரட்டி எழுதவில்லை. போட்டோ மூன்றும், சீல் வைத்த மனு நகலும் வைத்து, "உங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். பத்து நாளில் மனிதர் நேரில் வந்துவிட்டார். பிள்ளை கல்யாணத்துக்கு விற்கலாம் என்று போட்டு வைத்த இடமாம். செப்டம்பரில் தகர ஷீட் அடித்து பூட்டுப் போட்டார். சாவி ஒன்று மாமாவிடம் இருக்கிறது.

மிச்சம் இருந்தது வண்டி. பேட்டரி வண்டி சந்துமுனையோடு நின்றுவிடும், அதில் போடுகிற பாட்டு கடைசி வீட்டுக்குக் கேட்காது. உள்ளே வராததற்குக் காரணம், முனையில் எப்போதும் நிற்கிற இரண்டு பைக். வண்டி திரும்ப முடியாது. அந்த இரண்டு பேரிடமும் பேசி, காலை ஏழு முதல் எட்டு வரை பைக்கை எதிர்ப்பக்கம் விடச் சொன்னோம். ஒருவர் உடனே ஒத்துக்கொண்டார். இன்னொருவரை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு மாதம் ஆனது. விடியற்காலையில் வேலைக்குப் போகிற இரண்டு வீடுகள் மக்கும் குப்பையையும் மக்காததையும் தனித்தனி வாளியில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மாமா எடுத்துப் போடுகிறார்.

இதற்கிடையில் தகவல் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போட்டிருந்தேன். அது இல்லாமலே வேலை முடிந்துவிட்டது. போலீஸுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் போகவில்லை.

2025 போகிக்கு எங்கள் சந்தில் நெருப்பு வைக்கவில்லை. மாமா தன் பழைய கோரைப்பாயைச் சுருட்டி வண்டியில் கொடுத்தார். அப்பாவுக்கு வியாதி போய்விடவில்லை. நெபுலைசர் இன்னும் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இரவில் ஒரு தடவைதான், அதுவும் எல்லா நாளும் இல்லை. பின்தெருவிலிருந்து எப்போதாவது புகை வருகிறது.

போன வாரம் அந்தப் பின்தெரு அம்மா ஒருவர் வந்து மனு நகல் கேட்டார். கைக்குழந்தை வைத்திருக்கிறார். கொடுத்தேன். எரிக்கிறவரிடம் பேசினீர்களா என்று கேட்டேன். இல்லை, பயமாக இருக்கிறது என்றார். திண்ணையிலிருந்து மாமா, "நான் வரேம்மா, எனக்குத் தெரிஞ்ச ஆளுதான் அவன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போகிறோம்.