சோதனை முடிந்த பின்னும்

ஆய்வக விலங்குக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில், விலங்குச் சோதனைகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் கூட்டத்தைக் கையெழுத்து வாங்கும் சடங்காகவே எண்ணியிருந்தேன். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, எந்த மயக்க மருந்து என்று படிவத்தை நிரப்பிவிட்டால் போதும் என்பது என் நினைப்பு.

அறுவை சிகிச்சை சார்ந்த ஆய்வுத் திட்டம் ஒன்றை முன்வைத்த அன்று, வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், "வெள்ளிக்கிழமை அறுவை செய்தால், ஞாயிற்றுக்கிழமை இவற்றைப் பார்ப்பது யார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விடுமுறை நாளில் தீனியும் தண்ணீரும் வைக்கப் பராமரிப்பாளர் வருவார். ஆனால் முதுகைக் கூனி, கண்களைச் சுருக்கி, மயிர் சிலிர்க்க மூலையில் ஒண்டியிருக்கும் எலி வலியில் தவிக்கிறது என்று கண்டறிய அவருக்கு நாங்கள் பயிற்சி தந்ததில்லை. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால் எலி தன் வலியை இயன்றவரை மறைக்கும். அதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை அந்த உறுப்பினர் நினைவூட்டினார். இந்தியாவின் இச்சட்டம் ஆய்வுச் சோதனைகளைத் தடை செய்வதில்லை. ஆனால் சோதனைக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் விலங்குகள் தேவையற்ற வலிக்கோ துன்பத்துக்கோ ஆளாகாமல் காக்கும் கடமையை, அதற்கென அமைக்கப்படும் குழுவின்மீது 17-ஆம் பிரிவு சுமத்துகிறது. முதலிரண்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான், 'பின்னும்' என்பதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

மனிதரல்லாத எந்த உயிரும் விலங்கே என்று இச்சட்டம் வரையறுப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமோ, 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலிகளையும் சுண்டெலிகளையும் பறவைகளையும் தன் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. அரசு நிதி பெறும் ஆய்வகங்களுக்கு அங்கே வேறு விதிகள் உண்டு என்றாலும், ஆய்வகங்களில் மிகுதியாக இருக்கும் உயிர்களையே சட்டத்துக்கு வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

திட்டத்தைத் திருத்தினோம். அறுவை நாள் திங்களுக்கு மாறியது. எடை 20 விழுக்காடு குறைந்தால் அந்த விலங்கின்மீதான சோதனையை நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிவைத்தோம். வலியின் அடையாளங்களைப் பராமரிப்பாளருக்குக் கால்நடை மருத்துவர் கூண்டருகே நின்று காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் பராமரிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார்: "சார், நாலாவது கூண்டுல ஒண்ணு கண்ணைச் சுருக்கிட்டே இருக்கு. டாக்டரைக் கூப்பிட்டுட்டேன்."