தோப்பு வேலிக்கு எந்தக் கேமரா: தெர்மலா, சாதாரணமா?

ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புகளில் கேமரா வைக்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "தெர்மல் போட்டுடலாமா?" மோட்டார் கேபிளை வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இறக்கிப் போட்ட காய் இரவோடு இரவாக மூட்டையில் போயிருக்கும். பன்றி புகுந்து கன்றுகளைத் தோண்டியிருக்கும். வருடத்தில் சில மாதம் யானை வேறு. இதில் எந்தக் காரணமாக இருந்தாலும், விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் நாங்கள் கேட்பது ஒன்றுதான். யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று அந்த நிமிடமே தெரிய வேண்டுமா, வந்தது இன்னார்தான் என்று மறுநாள் காட்ட வேண்டுமா? முதலாவது, உடம்பின் வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமராவின் வேலை. இரண்டாவதை எந்த விலைத் தெர்மலும் செய்யாது. அதில் முகம் தெரியாது, சட்டையின் நிறம் தெரியாது, வண்டி எண் தெரியாது. ஸ்டேஷனில் அந்தப் படத்தைக் காட்டினால் வெள்ளையாக ஒரு உருவம் நடப்பதுதான் இருக்கும்.

கணக்குச் சொல்ல ஒரு தோப்பை எடுத்துக்கொள்வோம். 8 ஏக்கர், ஏறக்குறைய 200 மீட்டருக்கு 160 மீட்டர். முன்பக்கம் பஞ்சாயத்து ரோடு, கேட்டு. பின்பக்கம் ஓடை, அதை ஒட்டி 200 மீட்டருக்குக் கல்லுக்கால் நட்ட கம்பிவேலி. திருட்டும் மிருகமும் வருவது பின்பக்கம். வண்டி வருவது முன்பக்கம்.

முன்பக்கத்தில் குழப்பமே இல்லை, சாதாரணக் கேமராதான். ஆனால் எந்த லென்ஸ் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ஐஈசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்க்கச் சொன்னது. ஆள் இருப்பது தெரிய 25, தெரிந்த ஆளை அடையாளம் காண 125, தெரியாத ஆளையும் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்ல 250. 4 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 2560 பிக்சல். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 4 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 80 டிகிரி அகலம் பார்க்கும். அதில் 250 பிக்சல் கிடைப்பது 6 மீட்டர் தூரம் வரைக்கும்தான், 125 கிடைப்பது 12 மீட்டர் வரை. அதற்கப்பால் 60 மீட்டர் வரை 'ஒரு ஆள்' என்று மட்டும் தெரியும். கேட்டு கேமராவிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருந்தால் 8 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குங்கள். அதில் 14 மீட்டர் வரை முகம் நிற்கும். உயரம் இரண்டரை மீட்டர் போதும். ஐந்து மீட்டரில் ஏற்றினால் தலைப்பாகையும் தொப்பியும்தான் பதிவாகும்.

வண்டி எண் வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கேமரா வைக்க வேண்டும். 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ லென்ஸ், ஷட்டர் 1/500 நொடி அல்லது அதைவிட வேகம், எண் பலகைக்கு 30 டிகிரிக்குள் சாய்வு. இரவில் அந்தப் படத்தில் பலகை மட்டும் தெரியும், சுற்றிலும் இருட்டாக இருக்கும். அப்படி இருந்தால்தான் எண்ணைப் படிக்க முடியும். "இருட்டா இருக்கே" என்று யாராவது ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் ஹெட்லைட் வெளிச்சத்தில் எண் கரைந்துவிடும்.

பின்வேலியில்தான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது. ஐஆர் கேமரா என்பது இருட்டில் அகச்சிவப்பு வெளிச்சம் போட்டுப் பார்க்கும் சாதாரணக் கேமரா; அதன் பெட்டியில் இரவுப் பார்வை 30 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 200 மீட்டர் வேலிக்கு அப்படி ஆறேழு கம்பம், ஒவ்வொன்றுக்கும் கேபிள். கேட்6 நெட்வொர்க் கேபிளில் பிஓஇ (படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகும் முறை) 100 மீட்டர் வரைதான். அதற்கு மேல் ஃபைபர் இழுக்க வேண்டும், அல்லது நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டும். செலவைக்கூடத் தாங்கலாம். பொய் அலாரத்தைத் தாங்க முடியாது. ஐஆர் எல்ஈடி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். காற்றில் அந்த இழை அசைவதைக் கேமரா ஆள் நடமாட்டமாக எடுத்துக்கொள்ளும். தென்னை மட்டை ஐஆர் வெளிச்சத்தில் வெள்ளையாக ஆடும். மழைத்துளி கோடு கோடாக விழும். ஒரு இரவில் போன் பத்துப் பதினைந்து முறை அடித்தால் தோப்புக்காரர் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார். அதன்பின் அந்த வேலியில் கேமரா இருந்தும் பயனில்லை.

தெர்மல் இந்த இடத்தில் வெல்கிறது. அது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான வெப்பக் கதிரைப் பார்க்கிறது, தானாக வெளிச்சம் போடுவதில்லை. பூச்சிகளை அது இழுக்காது. ஆடும் மட்டையும் பின்னால் இருக்கும் மரமும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருப்பதால் படத்தில் அசைவாகவே தெரியாது. ஆளோ பன்றியோ வந்தால் மட்டும் பளிச்சிடும்.

தூரத்தைத் தகவல் தாளை நம்பி முடிவு செய்யாதீர்கள். பரவலாகக் கிடைப்பது 256க்கு 192 பிக்சல் சென்சார், அதில் ஒரு பிக்சலின் அளவு 12 மைக்ரான். 7 மில்லிமீட்டர் லென்ஸோடு அது 25 டிகிரி அகலம் பார்க்கும். 12 மைக்ரானை 7 மில்லிமீட்டரால் வகுத்தால், 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சலுக்கு 17 சென்டிமீட்டர். ஆறடி ஆள் அங்கே பத்துப் பிக்சல் உயரம், மூன்று பிக்சல் அகலம். தகவல் தாளில் 'மனிதன் 200 மீட்டருக்கு மேல்' என்று இருப்பது, இரண்டு பிக்சல் விழுந்தாலே கண்டதாக வைத்துக்கொள்ளும் கணக்கு. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் ஆள் என்று முடிவெடுத்து அலாரம் அடிக்க அது போதாது. பாதிக்கு மேல் நம்பாதீர்கள். யானைக்கு மட்டும் தாராளம் உண்டு. மூன்று மீட்டர் உயர உடம்பு 200 மீட்டரிலும் எட்டு ஒன்பது பிக்சல் வரும். மதுக்கரை வனச்சரகத்தில் ரயில் பாதையை ஒட்டி 2024இல் வனத்துறை நிறுவிய 12 கோபுரங்களிலும் தெர்மலும் சாதாரணக் கேமராவும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தக் கணக்குப்படி பின்வேலியின் நடுவில் ஒரே கம்பம் போதும். 4 மீட்டர் உயரத்தில், முதுகோடு முதுகாக இரண்டு தெர்மல், ஒவ்வொன்றும் 100 மீட்டர். கம்பத்தடியில் இரு பக்கமும் ஏறக்குறைய 12 மீட்டர் தரை அவற்றுக்குத் தெரியாது. அந்த இடத்துக்கும் கம்பத்தின் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரு 2.8 மில்லிமீட்டர் சாதாரணக் கேமராவைக் கீழ்நோக்கி வைக்க வேண்டும். தெர்மல் லென்ஸோடு சாதாரண லென்ஸும் ஒரே உடலில் இருக்கும் இரட்டைக் கேமராவே வாங்குங்கள். அலாரம் தெர்மலில் அடித்தாலும், 30, 40 மீட்டருக்குள் வந்தது நாயா பன்றியா ஆளா என்று மற்ற லென்ஸில் பார்த்துக்கொள்ளலாம். வேலியை ஒட்டி ஒரு மீட்டருக்குப் புதரை வெட்டி வைப்பதும் கேமரா செலவில் சேர்ந்ததுதான். தெர்மல் புதரை ஊடுருவிப் பார்க்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. அடர்ந்த இலைக்குப் பின்னால் உட்கார்ந்த ஆள் அதற்கும் தெரியாது.

இனி டெமோ. பணம் கொடுக்கும் முன் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் ஏசி அறை 24 டிகிரி, மனிதத் தோல் 33, 34. பத்து டிகிரி வித்தியாசத்தில் எந்தத் தெர்மலும் அழகாகத்தான் காட்டும். பின்னிரவில் தோப்பில் வைத்துக் காட்டினாலும் அப்படித்தான். நீங்கள் கேட்க வேண்டியது ஏப்ரல், மே மாதத்தில் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை. பகலெல்லாம் காய்ந்த தரையும் கல்லுக்காலும் உடம்பின் வெப்பத்துக்கு வந்து நிற்கும் நேரம் அது. நடந்து வரும் ஆள் படத்தில் கரைந்து, கால் தெரியும், உடம்பு தெரியாது என்ற நிலை வரும். சில வேளை தரையைவிட ஆள் கறுப்பாகத் தெரிவான். காலையில் வெயில் ஏறும்போது இன்னொரு முறை இப்படி ஆகும். பாறையும் கல்லுக்காலும் இரவு பத்து மணி வரைகூட வெள்ளையாக நிற்கும்.

அந்த நேரத்தில் 30, 60, 100 மீட்டரில் குச்சி நட்டு, ஒருவரை வேலியோரமாக நடக்கவிடுங்கள். பிறகு குனிந்து போகச் சொல்லுங்கள். பிறகு சட்டையை நனைத்துக்கொண்டு. பிறகு பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு. ஈரத்துணியும் தார்ப்பாயும் உடம்பின் வெப்பத்தை மறைக்கும். மழைக்காலத்தில் திருட வருகிறவன் அப்படித்தான் வருவான். இதில் எத்தனை நடைக்கு அலாரம் அடித்தது என்று எழுதி வைத்து, அதை வைத்து விலை பேசுங்கள். என்ஈடிடி என்று ஒரு எண் சொல்வார்கள், உதாரணமாக 40 மில்லிகெல்வின். 0.04 டிகிரி வித்தியாசத்தையும் அது உணரும் என்று அர்த்தம். எண் சிறிதாக இருந்தால் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் 25 டிகிரி அறையில், எஃப்1.0 லென்ஸில் அளந்தது. உங்கள் தோப்பின் மே மாதத்துக்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை.

டெமோவின் போது படம் ஒரு நொடி உறைந்து, உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்கும். அது கோளாறு அல்ல. சென்சார் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள உள் ஷட்டரை மூடித் திறக்கிறது.

கம்பத்தில் ஏற்றும்போது கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, மழைக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது. கண்ணாடி இந்தக் கதிரை விடாது, படத்தில் கண்ணாடியின் வெப்பம்தான் தெரியும். தெர்மலுக்கு ஜெர்மானியம் லென்ஸ் போடுவதே அதனால்தான். கேமராவின் நீர், தூசிக் காப்புத் தரம் ஐபி66 அல்லது ஐபி67 என்றால் மழை அதற்குப் பொருட்டில்லை. மற்றொன்று சூரியன். வேலி கிழக்கு மேற்காக ஓடினால் காலையோ மாலையோ சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும், சென்சாரில் நிரந்தரத் தழும்பு விழலாம். படத்தின் மேல்விளிம்பு அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். 4 மீட்டர் உயரத்திலிருந்து 100 மீட்டரில் நிற்கும் ஆளின் தலையே அடிவானத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் கீழேதான் இருக்கிறது, அதனால் ஆள் விடுபட மாட்டான்.

மின்சாரத்துக்கு அந்தக் கம்பத்திலேயே சோலார் வைப்பது எங்களுக்குப் பிடித்த முறை. கேபிள் திருடுபோகிற இடத்தில் கேபிளை நம்பிக் காவல் வைக்க முடியாது. இரண்டு தெர்மலுக்கு 16 வாட், சாதாரணக் கேமரா 5, படத்தைக் கம்பியில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் வயர்லெஸ் பிரிட்ஜ் 6, ஸ்விட்ச் 3. மொத்தம் 30 வாட், ஒரு நாளைக்கு 720 வாட் மணி. வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க 12.8 வோல்ட், 150 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதே 150இல் ட்யூபுலர் (ஈய அமில) பேட்டரி போட்டால், பாதி வரைதான் காலி செய்யலாம் என்பதால், ஒரு நாளைக்குச் சற்றுக் கூடத்தான் வரும். பேனல் கணக்குக்கு 230 வாட் போதும். அடைமழைக்காக 165 வாட் பேனல் இரண்டு போடுங்கள். இடிதாங்கி, கம்பத்துக்குத் தனி எர்த், சர்ஜ் ப்ரொடெக்டர் மூன்றும் கட்டாயம். பிரிட்ஜின் பார்வைக் கோட்டில் மட்டை வந்தால் சிக்னல் விழும், அதனால் நிலைத்தூணை மரத்தில் கட்டாதீர்கள்.

வீட்டுப் பக்கத்தில் கேட்6 இழுக்கும்போது முழுச் செம்பு கேபிள்தானா என்று ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. 70, 80 மீட்டரில் வோல்டேஜ் விழும், இரவில் ஐஆர் எரியும்போது கேமரா அணைந்து அணைந்து எழும்.

பதிவுக்கு ஒரு கேமரா 4 மெகாபிட் வேகத்தில் ஒரு நாளைக்கு 43 ஜிபி எடுக்கும். நான்கு சாதாரணக் கேமரா, 30 நாள் என்றால் 5.2 டிபி. 6 டிபி சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். தெர்மல் படம் மிகக் குறைவாகத்தான் எடுக்கும்.

2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். மலிவு விலையில் தள்ளிவிடும் பழைய ஸ்டாக்கில் அது இருக்காது. பில்லில் மாடல் எண்ணை முழுசாக எழுதி வாங்குங்கள். பதிவைச் சாட்சியாகக் கொடுக்க வேண்டி வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) சான்றிதழ் தேவை. அதோடு என்விஆரின் (பதிவுப் பெட்டியின்) நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அரை மணி நேரம் பிந்தி ஓடும் என்விஆரின் பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார்.

பராமரிப்பு லேசானது. சாதாரணக் கேமராவின் வலையை வாரம் ஒருமுறை நீளத் துடைப்பத்தால் எடுத்துவிடுங்கள். தெர்மல் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் கேபிள் உள்ளே போகும் ரப்பர் கிளாண்டை ஒருமுறை இறுக்கி, கேபிளைக் கீழே வளைத்து விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வளைவு இல்லாவிட்டால் தண்ணீர் கேபிள் வழியே நேராகக் கனெக்டருக்குள் இறங்கும். பச்சை பிடித்த கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி, துடைத்து மாட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி போகும்.