கோம் எல் திக்கா: கல் வரிசைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய உரைகள்

கெய்ரோவின் ராம்செஸ் நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டிரியாவுக்கு ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரும் பெரிய நிலையம் சீதி காபர். நிறையப் பேர் அங்கே இறங்குவார்கள்; கூட்டத்தைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது. கடைசி நிலையமான மஹத்தத் மிஸ்ர் வரை உட்கார்ந்திருந்தால், அங்கிருந்து கோம் எல் திக்கா என்ற தொல்லியல் தளம் நடந்தே போகிற தூரம்தான். வழி கேட்கும்போது 'அல் மஸ்ரஹ் அல் ரோமானி', ரோமானிய அரங்கம், என்று சொல்லுங்கள். தத்துவப் பள்ளி எங்கே என்று கேட்டால் வழி கிடைக்காது.

அந்த அரங்கம்தான் இங்கே எல்லாரையும் இழுக்கிறது. வெள்ளைப் பளிங்கில் அரைவட்டமாக 13 படிவரிசைகள். நின்று படம் எடுத்துக்கொண்டு, துறைமுகத்துக் கடலடியிலிருந்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பிங்க்ஸ் சிலைகளையும் தூண் துண்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அரங்கை ஒட்டிய தூண் வரிசையோடு இன்னும் கொஞ்சம் நடந்தால் கூரையில்லாத சிறு கல் அறைகள் வரிசையாக வரும். வழிகாட்டிகள் பலர் அங்கே நிற்பதே இல்லை. எனக்கு இந்த வளாகத்தின் உயிர் அந்த அறைகளில்தான் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை பயன்பட்ட வகுப்பறைகள் அவை. இருபதுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிரேக்க மொழியில் உயர்கல்வி நடந்த வகுப்பறைகள் இப்படிக் கூட்டமாகக் கிடைத்த இடம் வேறெங்கும் இல்லை.

போலந்துத் தொல்லியலாளர்கள் 1960 முதல் இங்கே தோண்டி வருகிறார்கள். இடிபாட்டு மேடு, அதன் மேல் நெப்போலியன் காலத்துக் கோட்டை, அதற்கும் கீழே இஸ்லாமியக் காலத்துக் கல்லறைகள் என்று அடுக்கடுக்காக எடுத்தபின்தான் இந்தத் தளம் வெளியே வந்தது. அதனால் எல்லாமே இன்றைய தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சில அறைகள் முன்பே வெளிப்பட்டிருந்தாலும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறைகள் கிடைத்த பிறகுதான் இது ஒரு கல்வி வளாகம் என்பது தெளிவானது.

ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். அகலம் 5 மீட்டர் அளவு. நீளம் அறைக்கு அறை மாறும். மூன்று சுவர்களை ஒட்டி குதிரை லாட வடிவில் கல் இருக்கைகள், சில அறைகளில் இரண்டு வரிசை, சிலவற்றில் ஐந்து வரை. லாடத்தின் வளைவில், நடுவே, மற்ற இருக்கைகளை விட உயரமாக ஓர் ஆசனம். அதற்கு ஏறத் தனியாகப் படிகள் உண்டு. ஆசிரியருடைய இடம் அது. எதிரே, வெறும் தரையில், நடுவில் ஒரு சிறு கல் பீடம் இருக்கும். மாணவன் நின்று பேசவோ வாசிக்கவோ பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள்; நூலைத் தாங்கும் மேடை நின்ற இடம் என்றும் ஒரு கருத்து உண்டு. ஓர் அறையில் 20 முதல் 30 பேர் உட்காரலாம். எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஆசிரியர் முகம் தெரியும், அதே அளவுக்கு மற்ற மாணவர்கள் முகமும் தெரியும். முதுகைப் பார்த்து உட்காரும் வகுப்பு இல்லை இது. சுவர்களில் ஆங்காங்கே பழைய சுண்ணாம்புப் பூச்சு ஒட்டியிருக்கிறது. சிறு சுண்ணாம்புக் கற்கள் என்பதால் இருக்கைகள் மேல் ஏறாதீர்கள், ஓரம் உதிரும்.

காலையிலேயே போவது நல்லது. நிழல் கிடையாது, வெளிறிய கல் வெயிலைத் திருப்பி அடிக்கும், பத்து மணிக்கு மேல் விளிம்புகளெல்லாம் கண்கூச்சத்தில் கரைந்துபோகும். சாய்வெயிலில்தான் அரங்கத்தின் பளிங்கு இருக்கைகளில் கீறியிருக்கும் எழுத்துகளும் தெரியும். தேரோட்டப் பந்தயத்தில் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து நின்ற ரசிகர்கள் கீறியவை அவை. ஒரு பக்கம் தேர்ப் பந்தயக் கோஷம், பக்கத்து அறையில் அரிஸ்டாட்டிலின் தர்க்கம். ஒரே ஊரின் ஒரே மூலை.

இந்தக் காலத்து அலெக்ஸாண்டிரியாவில் தத்துவம் சொல்வதென்றால் உரை சொல்வது. புது நூல் எழுதி யாரும் வகுப்பைத் தொடங்கவில்லை. பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோரின் மூலத்தை எடுத்து, வரி வரியாகப் பிரித்துப் பொருள் சொன்னார்கள். அந்த வழியை இங்கே நிலைநிறுத்தியவர் அம்மோனியஸ். தந்தை ஹெர்மியாஸும் இதே ஊரில் தத்துவ ஆசிரியர். அவர் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். தாய் ஏடேசியா, நகரம் ஹெர்மியாஸுக்குக் கொடுத்துவந்த ஊதியத்தை நிறுத்தாமல் பெற்று, இரண்டு மகன்களையும் ஏதென்ஸுக்கு அழைத்துப் போய் அங்கே தத்துவம் கற்பித்துவந்த புரோக்ளஸிடம் படிக்க வைத்தார். திரும்பி வந்த அம்மோனியஸிடம் படித்தவர்களின் பெயரைப் பாருங்கள்: டமாஸ்கியஸ், சிம்ப்ளிசியஸ், ஃபிலோபோனஸ், அஸ்கிளீபியஸ், ஒலிம்பியோடோரஸ். பழங்கால உரைநூல்களில் இன்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பங்கு இந்த ஒரே ஆசிரியரின் வட்டத்திலிருந்து வந்தது. அவர் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் உரையோ ஒன்றே ஒன்று, அரிஸ்டாட்டிலின் 'வாக்கியம் பற்றி' நூலுக்கான உரை. மற்றவை மாணவர்கள் வகுப்பில் கேட்டு எழுதியவை.

இங்கேதான் அறையும் நூலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அம்மோனியஸுக்குப் பிறகு வந்த ஒலிம்பியோடோரஸின் உரைகள் அத்தியாயமாகப் பிரியாமல் பாடமாகப் பிரிந்திருக்கின்றன. பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' நூலுக்கு 50 பாடங்கள், 'அல்கிபியாடீஸ்' நூலுக்கு 28. ஒவ்வொரு பாடமும் ஒரு அமர்வு. முதலில் அந்தப் பகுதி மொத்தமாக என்ன சொல்கிறது என்ற பொது விளக்கம். பிறகு மூலத்தின் சொற்றொடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொற்பொருள், இலக்கணம், மேற்கோள் விளக்கம். முதல் பாதியில் சொன்னது இரண்டாம் பாதியில் திரும்ப வரும். அச்சுநூலாக வாசிக்கும்போது இது சலிப்பூட்டும். கூறியது கூறல் என்று குற்றம் சொல்லத் தோன்றும். கல் வரிசைகளுக்கு முன்னால் நின்று வாசித்தால், பாதி வகுப்பில் கவனம் சிதறிய மாணவனுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கும் ஆசிரியரைக் கேட்க முடிகிறது.

படிக்கும் வரிசையும் கறாரானது. முதலில் போர்ஃபிரி என்ற தத்துவ ஆசிரியர் தர்க்கத்துக்கு எழுதிய 'அறிமுகம்'. பிறகு அரிஸ்டாட்டிலின் 'வகைமைகள்', தர்க்க நூல்கள், அறவியல், இயற்கையியல், மெய்ப்பொருளியல். அதன்பின்தான் பிளேட்டோ, அதிலும் 'அல்கிபியாடீஸ்' தொடக்கம், 'டிமேயஸ்', 'பார்மனிடீஸ்' முடிவு. 'வகைமைகள்' நூலைத் திறக்குமுன் ஆசிரியர் பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். தத்துவப் பள்ளிகளுக்குப் பெயர் எப்படி வந்தது, அரிஸ்டாட்டிலின் நூல்களை எப்படிப் பகுப்பது, எதிலிருந்து தொடங்குவது, எதை நோக்கிப் போவது, கேட்பவனுக்கு என்ன தகுதி, உரை சொல்பவனுக்கு என்ன தகுதி என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு கேள்வி எனக்கு மிகப் பிடித்தது: அரிஸ்டாட்டில் ஏன் புரியாதபடி எழுதினார்? கோயிலில் கருவறைக்குத் திரை போடுவது போல, தகுதியற்றவர் கண்ணில் படாமலிருக்க, என்று அம்மோனியஸ் விடை சொல்கிறார். ஒவ்வொரு நூலுக்கும் தனியாக ஒரு பாயிரமும் உண்டு: நுதலிய பொருள், பயன், படிக்கும் முறைவைப்பு, பெயர்க் காரணம், உண்மையிலேயே அந்த ஆசிரியர் எழுதியதுதானா என்ற ஆய்வு, உட்பிரிவு.

உரை சொல்பவனின் தகுதி பற்றி அவர்கள் சொன்னது கவனிக்கத் தக்கது. மூலநூலாசிரியர் சொன்னதெல்லாம் தெய்வவாக்கு என்று எண்ணி, தவறாகச் சொன்ன இடத்திலும் அவரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும். இந்த விதியை முழு அளவில் நடத்திக் காட்டியவர் ஃபிலோபோனஸ். 517இல் அரிஸ்டாட்டிலின் இயற்கையியலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். கனமான பொருள் எடைக்கு ஏற்ற வேகத்தில் விழும் என்ற கருத்துக்கு வந்ததும் நிற்கிறார். ஒன்றை விட மற்றது பல மடங்கு கனமான இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், விழும் நேரத்தில் வேறுபாடு மிகச் சிறியது என்கிறார். எறிந்த கல் தொடர்ந்து போவதற்கும் பின்னாலிருந்து காற்று தள்ளுவது காரணமாகாது, எறிபவன் கல்லுக்குள் ஏற்றிய விசையே காரணம் என்பது அவர் முடிவு. ஆயிரம் ஆண்டுக்குப் பின் கலிலியோ இவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். இவை எல்லாமே உரைக்கு நடுவே, மூலத்தின் ஒரு வரிக்குக் கீழே வருபவை. உரைநூல் என்றாலே சொந்தச் சிந்தனை இல்லாதது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்ட வேண்டும்.

கேட்டெழுதிய நூல்களில் ஒரு சிக்கல் உண்டு, வாசிக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடம் இது. பேசும் குரல் யாருடையது? ஃபிலோபோனஸ் சில உரைகளின் தலைப்பிலேயே, அம்மோனியஸின் வகுப்புகளிலிருந்து எடுத்தது, என் சொந்தக் குறிப்புகள் சிலவற்றோடு, என்று எழுதிவிடுகிறார். எந்த வரி ஆசிரியருடையது, எது மாணவருடையது என்று பக்கம் தோறும் பிரித்துக் காட்டுவதில்லை. அதனால் ஒரே உரைக்குள் முன்னுக்குப் பின் முரணான கருத்துகள் வந்தால் உடனே ஒருவர் தலையில் கட்ட வேண்டாம்.

சிம்ப்ளிசியஸின் வழி வேறு. அவருடைய பெரிய உரைகள் வகுப்புக் குறிப்புகள் போல இல்லை, நூலகத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதியவை போலிருக்கின்றன. பார்மனிடீஸின் கவிதை கிடைப்பது அரிதாகிவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன் என்று சொல்லி நீளமாக எடுத்தெழுதுகிறார். சாக்ரடீஸுக்கு முந்திய அந்தச் சிந்தனையாளரின் முக்கிய வரிகள் நமக்குக் கிடைத்தது இந்த ஒரு முடிவால்தான். அம்மோனியஸ், வான்பொருள்களின் இடத்தை அளக்கும் ஆஸ்ட்ரோலேப் கருவியைக் கொண்டு சுவாதி நட்சத்திரத்தின் இடத்தை அளந்தபோது தானும் கூட இருந்ததாகவும் இவரே எழுதியிருக்கிறார்.

அம்மோனியஸ் இந்த அறையில்தான் உட்கார்ந்தார் என்று கையை நீட்டிச் சொல்லும் வழிகாட்டியை நம்ப வேண்டாம். எந்தச் சுவரிலும் எந்த ஆசிரியரின் பெயரும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தத்துவ ஆசிரியர்கள் வீட்டிலேயே பாடம் சொல்வார்கள் என்று அக்காலத்து மாணவர் ஒருவரின் குறிப்பிலிருந்து தெரிகிறது. அதனால் எல்லா வகுப்பும் பொது அறையில் நடக்கவும் இல்லை. இங்கே பேச்சுக்கலையும் இலக்கணமும் கற்பித்திருப்பார்கள். இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும்: இது எகிப்தை ஆண்ட கிரேக்க மன்னர்களான தாலமிகளின் புகழ்பெற்ற நூலகம் இல்லை. அந்த நூலகத்துக்கும் இந்த அறைகளுக்கும் இடையே ஏழெட்டு நூற்றாண்டு. 415இல் கும்பல் கொன்ற தத்துவ ஆசிரியை ஹைபேஷியாவும் நாம் இன்று பார்க்கும் இந்த அறைகள் எழுவதற்கு முந்தியவர்.

ஏதென்ஸையும் சேர்த்துப் போக நினைப்பவர்களுக்கு: புரோக்ளஸ் வாழ்ந்ததாகப் பலர் கருதும் வீடு அக்ரோபோலிஸின் தென்சரிவில், டியோனிசியு அரியோபகிது தெருவுக்கு அடியில் இருக்கிறது. 1955இல் சாலை வேலையின்போது ஒரு பகுதி வெளிப்பட்டது, பிறகு மூடிவிட்டார்கள். தெருவில் நின்றால் பார்க்க எதுவும் கிடையாது. மருத்துவக் கடவுள் அஸ்கிளீபியஸின் கோயிலுக்கும் டியோனிசஸ் அரங்குக்கும் பக்கத்து வீடு என்று அவர் மாணவர் மரினஸ் எழுதியிருப்பதால், அந்த இரண்டையும் கண்ணால் அளந்து இடத்தை ஊகித்துக்கொள்ளலாம். நாளுக்கு ஐந்து வகுப்புகளும் அதற்கு மேலும் எடுத்துவிட்டு, 700 வரி எழுதுவார் என்றும் மரினஸ் சொல்கிறார். 529இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஆணையால் ஏதென்ஸில் தத்துவ போதனை நின்றது. டமாஸ்கியஸ், சிம்ப்ளிசியஸ் உட்பட ஏழு பேர் பாரசீக மன்னர் குஸ்ரோவின் அவைக்குப் போய், 532 உடன்படிக்கையில் தங்களுக்குப் பாதுகாப்பு எழுதி வாங்கிய பிறகு திரும்பினார்கள். அலெக்ஸாண்டிரியாவிலோ பாடம் நிற்கவில்லை. அம்மோனியஸ் திருச்சபைத் தலைவரோடு செய்துகொண்ட ஓர் ஏற்பாடு அதற்கு வழிவிட்டது என்பார்கள். பணத்தாசையில் செய்தார் என்று டமாஸ்கியஸ் கடுமையாக எழுதினார். என் கணிப்பில், அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒலிம்பியோடோரஸ் 565இல் வந்த வால்நட்சத்திரத்தைத் தன் பாடத்தில் குறிப்பிட்டிருக்க முடியாது.

கையில் எடுத்துப் போக ஒரே நூல் என்றால், ஒலிம்பியோடோரஸின் 'கோர்கியாஸ்' உரையை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கம் தெரிந்தவர்களுக்கு அரிஸ்டாட்டில் உரைகளின் மூலம் 1882 முதல் 1909 வரை பெர்லினில் 23 தொகுதிகளாகப் பதிப்பானது. அதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, ஃபிலோபோனஸின் சில பக்கங்களை நகலெடுத்துக்கொண்டால் போதும். ஒரு பாடத்தை முழுதாக வாசிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வளாகம் மாலையில் சீக்கிரம் மூடிவிடும், ஆகவே இதே வளாகத்தில் இருக்கும் பறவை மாளிகையின் தரைச் சித்திரங்களைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, முதலில் அறைகளுக்குப் போங்கள்.