கதிர்வீச்சுக்குப் பின் வறண்ட வாய்: ஒளி சிகிச்சையிடம் எதை எதிர்பார்க்கலாம்

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களின் வீடுகளில், கட்டி கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் விடாமல் தொடரும் துன்பம் வாய் வறட்சி. என் தந்தைக்குத் தொண்டையில் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து முடித்த பின், இட்லி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலால் அதை எடுத்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, அடுத்த விள்ளலை எடுப்பார். ரசம் எரியும் என்பதால் நீர்க்கக் கரைத்த மோர் சாதமே அவருக்கு மூன்று வேளை உணவாயிற்று.

நல்ல உடல்நிலையில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் மெதுவாகப் பெருகுபவையாக இருந்தும் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகின்றன. சிகிச்சையின் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே சுரப்பு சரிந்துவிடுகிறது. காதுக்கு முன்னுள்ள பரோட்டிட் சுரப்பிகளைக் காப்பாற்றும் வகையில் கதிர்களை வகுத்துச் செலுத்தும் ஐஎம்ஆர்டி முறையைப் பிரிட்டனில் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பின் கணிசமான வறட்சி பழைய முறையில் 74 சதவீதத்தினருக்கும், புதிய முறையில் 38 சதவீதத்தினருக்கும் இருந்தது. ஆகவே வறட்சியைத் தடுக்கும் முதல் வேலை, கதிர்வீச்சுக்குத் திட்டம் போடும்போதே நடந்தாக வேண்டும்.

வலுக்குறைந்த லேசர் ஒளியை உமிழ்நீர்ச் சுரப்பிகள்மீது செலுத்தும் ஒளி சிகிச்சை அதற்கு அடுத்த படியில் வருவது. 1967இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகள்மீது வலுக்குறைந்த லேசரைச் செலுத்தியபோது அங்கே மயிர் விரைவாக வளர்ந்ததைக் கவனித்தார். இத்துறை அதிலிருந்து வளர்ந்தது. சிவப்பு ஒளியையும் அதையடுத்த அகச்சிவப்பு ஒளியையும் செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஏற்றுக்கொண்டு, ஆற்றல் உற்பத்தியைக் கூட்டி அழற்சியைத் தணிக்கிறது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். நோயாளிக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்து, பேனா போன்ற முனையைக் காதின் முன்புறம், தாடைக்கு அடியில், கன்னத்தின் உட்புறம் என ஒவ்வோர் இடமாகச் சிறிது நேரம் வைத்து எடுக்கிறார்கள். சூடோ வலியோ தெரிவதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒளி, பிழைத்திருக்கும் செல்லுக்குத்தான் உதவ முடியும், செத்துத் தழும்பாகிப்போன சுரப்பியை அது உயிர்ப்பிக்காது. அதனால், கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே இதைப் பற்றிக் கேளுங்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதைப் பயன்படுத்துமாறு புற்றுநோய்த் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டு அமைப்பு பரிந்துரைத்திருக்கிறது. வறட்சிக்கோ அந்த அளவுக்கு வலுவான சான்று இல்லை, ஆய்வுகள் சிறியவை, ஒளியின் அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்ட என் தந்தைக்கு நாளடைவில் இரவில் நாக்கு ஒட்டி விழித்துக்கொள்வது குறைந்தது என்றாலும், உமிழ்நீர் ஓரளவு தானாகவே மீள்வதும் உண்டு என்பதால், அந்தப் பலன் முழுவதையும் ஒளியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டி இருந்த இடத்தின்மீது ஒளியைப் பாய்ச்சலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். இணையத்தில் விற்கும் சிவப்பு விளக்குகளை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். ஒளி சிகிச்சை நடக்கிறதென்று ஃப்ளூரைடு பூச்சையும் பல் மருத்துவரிடம் போவதையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் உமிழ்நீர் இல்லாத வாயில் பற்கள் மளமளவென்று சொத்தையாகின்றன. எத்தனை ஆண்டு கழித்துப் பல் பிடுங்க நேர்ந்தாலும், தாடையில் கதிர்வீச்சு பட்டதை முதலில் சொல்லிவிடுங்கள். அந்த எலும்பு ஆறாமல் அழுகிவிடக்கூடும்.