கே1000-இல் 1/1000 சரியாகிவிட்டது

1/1000 செகண்டு ஷட்டர் வேகத்தில் எடுத்த பிரேம்கள் இந்த முறை ஓரத்துக்கு ஓரம் ஒரே அடர்த்தியில் வந்துவிட்டன. நெகட்டிவை லைட் டேபிளில் வைத்து லூப் என்னும் உருப்பெருக்கி வழியாகப் பார்த்தேன், அப்புறம் ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டை ஏற்றியும் பார்த்தேன். ஒரு ஓரத்தில் விழுந்துகொண்டிருந்த இருட்டுப் பட்டை போயே போய்விட்டது. இந்த பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா கைக்கு வந்ததிலிருந்து என் தூக்கத்தைக் கெடுத்த கோளாறு இது. சந்தோஷத்தில் எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1976 முதல் 1997 வரை செய்தார்கள். என்னுடையது மேலே அசாஹி பெயர் பொறித்த பழைய வரிசை. உள்ளே இருக்கும் ஒற்றை எல்.ஆர்.44 பட்டன் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம். அதனால்தான் இன்றைக்கும் இதை வீட்டு மேசையில் வைத்துச் சரிசெய்ய முடிகிறது. சர்க்யூட் செத்துப்போன எத்தனையோ நல்ல கேமராக்கள் அலமாரியில் பொம்மையாக உட்கார்ந்திருக்கின்றன.

1/1000 இல்லாவிட்டால் 1/500-இல் எடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நம் ஊர் மதிய வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் போட்டு, மெரினா மணலில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1/500 என்றால் லென்ஸின் துளையை (அபர்ச்சர்) எஃப்/22 வரை குறுக்க வேண்டும், அதற்கு மேல் குறுக்க லென்ஸில் இடமே இல்லை. துளையை அகலமாகத் திறந்து பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்கும் ஆசையெல்லாம் அங்கேயே முடிந்தது. 400 பிலிமைத்தான் நான் எப்போதும் போடுகிறேன், ஆகவே எனக்கு 1/1000 தேவை.

துணித்திரை ஷட்டரில் 1/1000 எப்படி உருவாகிறது என்பதுதான் இந்தக் கோளாறின் அடிப்படை. அங்கே எந்தக் கடிகாரமும் ஒரு மில்லிசெகண்டை எண்ணுவதில்லை. முதல் திரை ஓடத் தொடங்கி, குறிப்பிட்ட தூரம் போனதும் இரண்டாவது திரையின் கொக்கி விடுபடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கீற்று, அது பிலிமின் மேல் நகர்ந்துகொண்டே போகிறது. ஃபிளாஷ் அடிக்கும்போது பிலிம் முழுதும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும், அதற்கான அதிகபட்ச வேகம் இதில் 1/60 என்றால் 36 மி.மீ. அகலத்தை ஒரு திரை 16 மில்லிசெகண்டுக்குள் கடந்துவிட வேண்டும். கணக்குப் போட்டால் 1/1000-இல் அந்தக் கீற்றின் அகலம் இரண்டரை மி.மீ. அளவுதான் வரும். முதல் திரை சற்றே சோம்பினாலும் இரண்டாவது அதைப் பின்னாலிருந்து பிடித்துவிடும். பிடித்த இடத்திலிருந்து படம் இருட்டு. கேப்பிங் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் ஒரு கடையில் கொடுத்து 'சர்வீஸ்' செய்து வாங்கியிருக்கிறார். கீழ்த்தகட்டைக் கழற்றியதுமே அங்கே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாவது திரையின் இழுவிசையைக் கூட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கள். முதல் திரையின் பக்கம் யாரும் கை வைத்த அடையாளமே இல்லை. ஷட்டர் மெதுவாக ஓடுகிறது, ஸ்பிரிங்கை முறுக்கு, வேகம் வந்துவிடும். பழைய கேமராக்களில் இந்த வைத்தியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நாற்பது வருடம் காய்ந்து பிசினாகிப்போன கிரீஸை அப்படியே விட்டுவிட்டு, அதை மீறி இழுக்கும்படி ஸ்பிரிங்கை வருத்துகிறார்கள். கொஞ்ச நாளில் கிரீஸ் இன்னும் இறுகும், மறுபடி முறுக்குவார்கள்.

சரி, அளவுக்கு வருகிறேன். என் முழுக் கவனத்தையும் தின்றது இதுதான்.

ஷட்டர் டெஸ்டரை நானே செய்தேன். வெளிச்சத்தை உணரும் பி.பி.டபிள்யூ.34 போட்டோடயோடு இரண்டு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர், அங்கிருந்து நேராக கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுக்கு. ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தால் வெளிச்சம் பட்ட நேரம் ஒரு மேடாகத் தெரியும். 44,100 சாம்பிள் வேகத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கு 44 புள்ளிகள் கிடைக்கின்றன, 1/1000-ஐ அளக்க இது தாராளம். ஒரு சென்சார் இடது சேனல், இன்னொன்று வலது சேனல். இரண்டையும் பிலிம் கேட்டின் (பிலிமுக்கு முன்னால் இருக்கும் செவ்வகத் திறப்பு) இரு ஓரங்களில் 32 மி.மீ. இடைவெளியில் ஒட்டினேன். அப்படி வைத்தால் ஒவ்வொரு ஓரத்திலும் எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சம் படும் நேரம், எவ்வளவு என்பதும், ஒவ்வொரு திரையும் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் ஒரே பதிவில் வந்துவிடும். நடுவை அளக்க ஒன்றை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம்.

இதில் மூன்று விஷயங்கள் மிக முக்கியம். முதலாவது, அந்த போட்டோடயோடின் சில்லு ஏறக்குறைய நம் கீற்றின் அகலமே இருக்கிறது. அப்படியே வைத்தால் மேடு சரிவாக ஏறிச் சரிவாக இறங்கும், எங்கிருந்து எங்கே அளப்பது என்றே தெரியாது. கறுப்பு டேப்பில் பிளேடால் அரை மி.மீ. பிளவு வெட்டி, திரையின் விளிம்புக்கு இணையாக சென்சார் மேல் ஒட்ட வேண்டும். அப்போதும் கொஞ்சம் சரிவு இருக்கும். ஏறும் பக்கம் பாதி உயரத்திலிருந்து இறங்கும் பக்கம் பாதி உயரம் வரை அளந்தால் பிளவின் அகலத்தால் வரும் பிழை அடிபட்டுப் போகும். அடியிலிருந்து அடிவரை அளப்பவர்கள் எல்லோருக்கும் ஷட்டர் மெதுவாக ஓடுவதாகத்தான் தோன்றும். உடனே ஸ்பிரிங்கைத் தேடிப் போவார்கள்.

இரண்டாவது, விளக்கு. வீட்டு எல்.இ.டி. பல்புகள் பல, மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து மினுக்கும், மேட்டின் தலையில் அலை அலையாக வரும். பேட்டரி டார்ச்தான் சரி, அதுவும் முழு வெளிச்சத்தில். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில டார்ச்சுகள் வேகமாக அணைந்து எரிந்துதான் குறைக்கின்றன. லென்ஸைக் கழற்றிவிட்டு, டார்ச்சைத் தள்ளி வைத்து, சென்சாரைத் திரைக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, சவுண்ட் கார்டு. மலிவான யு.எஸ்.பி. கார்டுகளில் மைக் துளை பெரும்பாலும் மோனோ. இரண்டு சென்சாரையும் இணைத்துவிட்டு இரண்டு சேனலிலும் ஒரே உருவம் வருகிறதே என்று குழம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்டீரியோ லைன்-இன் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், ஏற்காதீர்கள்.

முதல் அளவு இப்படி வந்தது. 1/1000-இல், திரை புறப்படும் ஓரத்தில் 1.9 மில்லிசெகண்டு, நடுவில் 1.0, கடைசி ஓரத்தில் மேடே இல்லை. ஓட்ட நேரம் முதல் திரைக்கு 15.4, இரண்டாவதுக்கு 13.5. நடுவில் வந்த அந்த 1.0-ஐப் பாருங்கள்! துல்லியமான 1/1000. ஒரே ஒரு சென்சாரை நடுவில் மட்டும் வைத்து அளக்கும் டெஸ்டரில் இந்தக் கேமரா நூற்றுக்கு நூறு வாங்கும். அந்தக் கடையிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நடுவில் சரியாகும்வரை இரண்டாவது திரையை முறுக்கியிருக்கிறார்கள். ஒரு ஓரம் ஒரு ஸ்டாப் அளவு, அதாவது ஏறக்குறைய இரு மடங்கு, கூடுதல், மறு ஓரம் சுத்தமாக மூடல். இனி யாராவது ஷட்டர் வேகம் பார்த்தாகிவிட்டது என்று சொன்னால், எத்தனை இடத்தில் பார்த்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

ஸ்பிரிங்கைத் தொடாமல் சுத்தம் செய்வதிலிருந்து ஆரம்பித்தேன். திரை உருளைகளின் அச்சுகள் கீழ்த்தகட்டுப் பக்கமும் இருக்கின்றன, மேல் தகட்டுக்கு அடியிலும் இருக்கின்றன. கீழே மட்டும் செய்துவிட்டு முடித்துக்கொள்பவர்கள் உண்டு, பாதிப் பலன்தான் கிடைக்கும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் பெட்ரோலை ஊசி சிரிஞ்சில் எடுத்து, அச்சு உட்காரும் இடத்தில் மட்டும் சொட்டின் ஒரு பங்கு. ஷட்டரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கசியும் அழுக்கைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதலில் வந்தது பழுப்பு, அப்புறம் வெளிர் மஞ்சள், கடைசியில் நிறமே இல்லை. துணித்திரையின் ரப்பர் பூச்சில் இது வழிந்தால் பூச்சு கெடும், வியூஃபைண்டர் பிரிசத்தின் பக்கமும் போகக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம்.

நன்றாக உலர்ந்த பிறகு வாட்ச் ஆயில், ஊசி முனையில் ஒட்டும் அளவு. தையல் மெஷின் எண்ணெய் போதுமே என்று நிறைய பேர் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது ஒரு இடத்தில் நிற்காது, நம் ஊர்ச் சூட்டில் பரவிப் பரவித் திரைக்கே வந்து சேரும். மோபியஸ் மாதிரி கடிகார எண்ணெய் விலை அதிகம்தான், ஆனால் ஒரு சிறு குப்பி ஆயுளுக்கும் வரும்.

சுத்தம் செய்த பிறகு எடுத்த அளவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். முதல் திரை 15.4-இலிருந்து 13.6-க்கு வந்திருந்தது. அதன் ஸ்பிரிங்கை நான் தொடவே இல்லை! கிரீஸ் மட்டுமே அவ்வளவு தடுத்திருக்கிறது. இரண்டாவது திரை 12.8, முறுக்கி வைத்ததால் இன்னும் அவசரம். எக்ஸ்போஷர் 1.2, 0.8, 0.4. கேப்பிங் போய்விட்டது, சரிவு மட்டும் மிச்சம். இப்போதுதான் ஸ்பிரிங்குக்குப் போனேன், அதுவும் தளர்த்துவதற்கு. இரண்டாவது திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஷட்டரை நன்றாக ஓட்டி, அளந்து, 13.5-இல் நிறுத்தினேன். இப்போது 1.2, 1.1, 1.1. கால் ஸ்டாப் மெதுவு, அவ்வளவுதான். ஒரு மெக்கானிக்கல் கேமராவிடம் இதற்கு மேல் கேட்பது பேராசை.

சாமான் வாங்கிய இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டயோடு, ரெசிஸ்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. ஸ்க்ரூடிரைவர்தான் உள்ளூரில் கிடைக்கவில்லை. ஜப்பான் கேமராக்களின் திருகுகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) தலை. பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் மேலேறி வந்து தலையைத் தின்றுவிடும். வெசல் கம்பெனியின் சின்ன அளவுகளை இணையத்தில் வரவழைத்தேன். பழைய கேமராவைத் திறக்க நினைக்கும் யாரும் முதலில் வாங்க வேண்டியது இதுதான். லென்ஸ் பேப்பரெல்லாம் அப்புறம்.

சோதனை ரோலுக்கு இல்ஃபோர்டின் எச்.பி.5 பிளஸ், கறுப்பு வெள்ளை 400 பிலிம். சாயங்கால நிழலில் சீரான வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர், ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து 1/1000 எஃப்/2, 1/500 எஃப்/2.8, 1/250 எஃப்/4 என்று, நேரம் இரட்டிக்கும்போது துளை வழி வரும் வெளிச்சம் பாதியாகும்படி வரிசையாக இறங்கி வந்தேன். எல்லா பிரேமும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். திறந்த அபர்ச்சரில் லென்ஸே நான்கு மூலைகளையும் கொஞ்சம் இருட்டாக்கும், அதைக் கேப்பிங் என்று நினைத்துவிடக் கூடாது. கேப்பிங் ஒரு பக்கம் மட்டும்தான் வரும்.

டெவலப் செய்தது இல்ஃபோர்டின் ஐ.டி.-11 டெவலப்பரில், கரைசலும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று. 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது இல்ஃபோர்ட் கணக்கு. இங்கே குழாயைத் திறந்தாலே 30 டிகிரிக்கு மேல் வருகிறது. பக்கெட்டில் ஐஸ் பாட்டில் போட்டு 20-க்கு இறக்கினாலும் கழுவும் தண்ணீர் வரை அதே சூட்டில் நிறுத்துவது பெரும்பாடு. அதனால் 24 டிகிரியில் 9 நிமிடம் என்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தண்ணீர் கலக்காத கரைசலில் 24 டிகிரிக்குப் போனால் நேரம் ரொம்பக் குறுகி, ஊற்றி வடிக்கும் விநாடிகளே படத்தில் தெரிய ஆரம்பிக்கும். அடர்த்தியைச் சோதிக்கும் ரோலுக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்து இந்த டெவலப்பரை நானே கலக்கப் போகிறேன். கோடக்கின் டி-76 டெவலப்பரின் பழைய சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. ஐ.டி.-11-உம் அதேதான். மெட்டால் மட்டும் சின்ன அளவில் கொடுக்கும் கடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பிரிட்ஜில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று இருக்கிறது. 1960-இல் தொடங்கி 1967-இலிருந்து பிலிம் செய்த தொழிற்சாலை, நம் மாநிலத்திலேயே இருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு ரோலையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அந்த இழப்பு உறைக்கிறது. அந்த ரோலைச் சொந்தமாகக் கலந்த டி-76-இல்தான் கழுவ வேண்டும் என்று வைத்திருக்கிறேன், கேமரா முழுதாக முடிந்த பிறகு.

முழுதாக இன்னும் முடியவில்லை. மிரர் முட்டும் இடத்தில் இருந்த பஞ்சு தாராக உருகிவிட்டது, சுரண்டி எடுத்தாகிவிட்டது, புதியது ஒட்டவில்லை. பின் கதவு வழியாக வெளிச்சம் கசியாமல் தடுக்கும் லைட் சீலும் அப்படியே. சோதனை ரோலைக் கறுப்பு டேப்பைச் சுற்றித்தான் ஓட்டினேன். 1/8-ஐ விட மெதுவான வேகங்களில் ஷட்டரின் சத்தம் சில சமயம் திக்குகிறது, அது தனியான பற்சக்கரத் தொகுதி, அதன் அளவுகளை இன்னும் எடுக்கவில்லை. மேல் தகட்டை மூடுவதற்கு முன் அதையும் பார்த்துவிட வேண்டும்.

கே1000 வைத்திருக்கும் யாராவது மூன்று இடத்திலும் அளந்திருந்தால், எண்களை எழுதுங்கள். ஸ்பிரிங்கை யாரும் தொடாத ஒரு கேமராவில் இரண்டாவது திரையின் ஓட்ட நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும், என்னுடைய 13.5-ஐ அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திருகுகளை இறுக்கப் போகிறேன்.